மலையடிவாரத்து வெடிமருந்து ஆலை இடிபாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டின் மேற்கு ஓரத்தில், ஒரு மலையடிவாரத்தில், கைவிடப்பட்ட கரிமருந்து ஆலை ஒன்று இடிந்து கிடக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதியோடு வருடத்துக்கு மூன்று நான்கு முறை ஐந்தாறு பேரை அழைத்துக்கொண்டு போய் வருகிறேன். போய் வந்தவர்கள் நாலு பேரிடம் சொல்ல, அந்த நாலு பேரும் என்னிடம் கேட்க, ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் கட்டட மேற்பார்வை வேலை பார்த்தவன். சுவரையும் கூரையையும் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. கீழே வரும் பதில்களிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

இடம் எங்கே இருக்கிறது? பெயரைச் சொல்லக் கூடாதா?

சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து பைக் வந்து நிற்கும், அதற்கடுத்த வாரம் பாட்டில்கள் உடைந்து கிடக்கும். சொந்தக்காரருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கேட்டைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். அவரிடம் நான் கொடுத்த வாக்கில் முதலாவது இதுதான்.

கொங்கு நாட்டில் வெடிமருந்து ஆலையா? இங்கே என்ன போரா நடந்தது?

போர் இல்லை, கிணறுதான். இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை.

மழை மறைவுப் பகுதி நம்முடையது. நொய்யலையும் பவானியையும் அமராவதியையும் விட்டுத் தள்ளி வந்துவிட்டால் கிணற்றுத் தண்ணீர்தான் வெள்ளாமை. மேலே நாலடி செம்மண் இருக்கும், அதற்குக் கீழே பாறை. மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் அது மசியாது. ஜம்பர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் திருப்ப, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, பாறையில் இரண்டடி மூன்றடி ஆழத்துக்குத் துளை போடுவார்கள். அந்தத் துளைக்குத் 'தமர்' என்று பெயர். தமருக்குள் மருந்தைப் போட்டு, திரியை விட்டு, மேலே மண்ணைக் கெட்டித்து, "வேட்டு! வேட்டு!" என்று மூன்று முறை கத்திவிட்டுக் கொளுத்துவார்கள். எங்கள் அப்பாரு காலத்தில் கிணற்று வேட்டுச் சத்தம் கேட்டால், எந்தத் தோட்டத்தில் எத்தனை தமர் வெடித்தது என்று வீட்டிலிருந்தே எண்ணிச் சொல்லிவிடுவார்களாம். ஐந்து தமருக்கு நாலு சத்தம்தான் கேட்டது என்றால் அன்றைக்கு யாரும் கிணற்றில் இறங்க மாட்டார்கள்.

மருந்துக்கு இன்னொரு வாடிக்கை கல்குவாரி. கரிமருந்து டைனமைட் போலப் பாறையை நொறுக்காது. மெதுவாகத் தள்ளிப் பிளக்கும். தூணும் நிலைக்கல்லும் வேலிக்கு நடும் கல்லுக்காலும் முழுசாக வேண்டுமென்றால் அந்த மெதுவான தள்ளல்தான் வேண்டும். ஆக, எல்லா ஊரிலும் கிணறு, எல்லாக் கரட்டிலும் கல் உடைப்பு. மருந்து செய்ய ஒரு இடம் இல்லாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அருவங்காடு தொழிற்சாலையின் பகுதியா இது?

இல்லை. பத்துப் பேரில் ஆறு பேர் இதைக் கேட்கிறார்கள்.

அருவங்காட்டில் இருப்பது கார்டைட் தொழிற்சாலை. 1904-இல் ஆங்கிலேய அரசு தொடங்கியது, இன்றும் நடக்கிறது, பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கிறது. கார்டைட் என்பது புகையில்லாத உந்துமருந்து. பஞ்சிலிருந்து செய்யும் நைட்ரோ செல்லுலோசும் நைட்ரோ கிளிசரினும் வாசலினும் சேர்ந்தது. கயிறு போல நீட்டி எடுப்பதால் அந்தப் பெயர். துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் போவது அது. குன்னூரிலிருந்து ஊட்டி போகும் மலை ரயில் அருவங்காட்டில் நிற்கும், அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. அது தடை செய்யப்பட்ட இடம். நான் அழைத்துப் போவது கிணற்றுக்கும் குவாரிக்கும் மருந்து செய்த சிறிய ஆலை. இரண்டுக்கும் மலை மட்டும்தான் பொது.

உள்ளே பார்க்க என்ன இருக்கிறது?

முதல் தடவை வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பெரிய புகைபோக்கி, துருப்பிடித்த இயந்திரம், உடைந்த கண்ணாடி என்று சினிமாவில் பார்த்தது எதுவும் இங்கே கிடையாது. கிளுவை வேலியைத் தாண்டி உள்ளே போனால், சீமைக்கருவேலம் காட்டுக்குள் சின்னச் சின்னக் கட்டடங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நூறடி, சில இடங்களில் இருநூறடி. அறை ஒவ்வொன்றும் நம் வீட்டுத் திண்ணையை விடச் சற்றுப் பெரியது. சுற்றி ஆள் உயரத்துக்கும் மேலே மண்மேடு. மேட்டின் மேல் வேப்பமரமும் புங்கமரமும் வரிசையாக நிற்கின்றன. காடு தானாக வளர்ந்தால் வரிசையில் வளராது. அந்த வரிசையைப் பார்த்ததும்தான் இது யாரோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட இடம் என்று எனக்கு உறைத்தது.

வெடிமருந்து ஆலையைக் கட்டுகிறவனுடைய யோசனை, வீடு கட்டுகிறவனுடைய யோசனைக்கு நேர் எதிர். நாங்கள் எல்லாம் கட்டடம் விழக் கூடாது என்று கணக்குப் போடுவோம். இவன், விழுந்தால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். கட்டடங்களைத் தள்ளித் தள்ளி வைத்தது, ஒன்று போனால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போகாமல் இருப்பதற்கு. மண்மேடு, சிதறிப் பறக்கும் கல்லை வாங்கிக்கொள்வதற்கு. மேட்டில் மரம் வைத்தது, மண் கரையாமல் இருக்கவும் மேடு தாண்டி வருவதைத் தடுக்கவும்.

மருந்து அரைத்த மில் அறையை மட்டும் நின்று பாருங்கள். மூன்று பக்கம் இரண்டரை அடி கனத்தில் கருங்கல் சுவர். நான்காவது பக்கம் சுவரே கிடையாது, மரச்சட்டத்தில் தகரம் அடித்திருந்த ஆணித்துளைகள் மட்டும் இருக்கின்றன. கூரையும் தகரம். பணம் பற்றாமல் நான்காவது சுவரைக் கட்டாமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒப்பந்தக்காரர்கள் அப்படி விட்டதுண்டு. பிறகுதான் புரிந்தது: உள்ளே வெடித்தால் அழுத்தம் கூரை வழியாகவும் தகரப் பக்கம் வழியாகவும் வெளியேறிவிடும், மூன்று கல்சுவரும் நிற்கும். திறந்த பக்கம் மலையைப் பார்த்து இருக்கிறது. அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் டுபான்ட் குடும்பம் 1802-இல் தொடங்கிய கரிமருந்து ஆலைகளிலும் இதே அமைப்புதான். அங்கே திறந்த பக்கம் ஆற்றைப் பார்த்து இருக்கும். இங்கே வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு இல்லை, மலைதான் இருக்கிறது. மலையைப் பார்த்துக் கட்டிவிட்டார்கள்.

வட்டமாக ஒரு கல்மேடை இருக்கிறதே, செக்கா?

செக்குக்குச் சொந்தம்தான், ஆனால் எண்ணெய் ஆட்டியதில்லை. கரிமருந்துக்கு மூன்றே பொருள்: வெடியுப்பு, கந்தகம், கரி. மூன்றையும் கையால் கலந்தால் தீப்பிடித்துப் புஸ்ஸென்று போகுமே தவிர, பாறையைப் பிளக்காது. ஈரத்தோடு சேர்த்து மணிக்கணக்கில் அரைத்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டி உறவாடும். அதற்குத்தான் அந்த மேடை. அதன்மேல் இரண்டு கனத்த உருளைகள் எழுந்து நின்றபடி சுற்றி வரும். உருளைகள் இப்போது இல்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டன.

கரிக்கு எந்த மரமும் ஆகாது. லேசான கட்டையாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வில்லோ மரம். நம் நாட்டில் துவரை மாரும் எருக்கங்குச்சியும் பேர் பெற்றவை. துவரையும் எருக்கும் இல்லாத கொங்குக் காடு உண்டா?

மில் ஓடும்போது உள்ளே ஆள் நிற்க மாட்டார்கள். மருந்தைப் போட்டுவிட்டு, மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று ஓட்டுவார்கள். மேடைக்கு மேலே இரண்டு கல்தூண்களில் கம்பி மாட்டிய அடையாளம் இருக்கிறது, பாருங்கள். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி தொங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இங்கிலாந்தின் வால்தம் ஆபி ஆலையில் அப்படித் தொட்டிகளை வரிசையாக இணைத்திருந்தார்கள். ஒரு மில்லில் தீ கிளம்பினால் அந்த வேகத்திலேயே ஒரு பலகை தூக்கப்பட்டு, பக்கத்து மில்களின் தொட்டிகளும் சேர்ந்து கவிழ்ந்துவிடும். மனிதன் ஓடிவந்து ஊற்றுவதற்குள் காரியம் முடிந்துவிடுமல்லவா?

செய்முறையை விவரமாகக் கேட்டு இரண்டு மூன்று பேர் எழுதினார்கள். உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது 1884-ஆம் வருட வெடிமருந்துச் சட்டப்படி குற்றம். அதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

ஒவ்வொரு வாசலிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் குறுக்கே கிடக்கிறது. இடிந்து விழுந்ததா?

இல்லை, வைத்ததுதான். எனக்கு இந்த இடத்திலேயே பிடித்த பொருள் அந்தக் கல்.

பக்கத்து ஊரில் ஒரு ஆத்தா இருக்கிறார். பதினைந்து வயதில் ஆலைக்கு வேலைக்கு வந்தவர், திரி சுற்றும் கொட்டகையில் இருந்தவர். முட்டி வலியோடு ஒருநாள் எங்களோடு வந்தார். எத்தனையோ வருடம் கழித்து உள்ளே வருகிறார், மரமும் முள்ளும் மூடிக் கிடக்கின்றன, ஆனாலும் எந்தக் கொட்டகை எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் வந்ததும் நின்றார். செருப்பைக் கழற்றி இந்தப் பக்கம் விட்டார். கல்லின் மேல் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார், பிறகு அடுத்த காலை. அதன் பிறகுதான் எழுந்தார். உள்ளே தரையெல்லாம் சருகும் ஆட்டுப் புழுக்கையும். அவருக்கு அது கண்ணில் படவில்லை.

கல்லுக்கு வெளியே இருப்பது அழுக்குப் பக்கம், உள்ளே இருப்பது சுத்தப் பக்கம். வெளிச் செருப்பு உள்ளே வரக் கூடாது, உள்ளே போடும் மெத்தென்ற செருப்பு வெளியே போகக் கூடாது. செருப்பில் ஒட்டிய ஒரு மணல், இரும்பு ஆணி ஒன்று கல்லில் உரசிய ஒரு பொறி, இவ்வளவு போதும். அதனால்தான் உள்ளே கையாளும் சாமானில் இரும்பே கிடையாது. செம்பும் பித்தளையும் மரமும்தான். கொண்டை ஊசி, வளையல், பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். ஊசி இல்லாமல் எப்படிக் கொண்டை போட்டீர்கள் என்று எங்களோடு வந்த பெண் ஒருத்தி கேட்டாள். ஆத்தா சிரித்துக்கொண்டே தலைமுடியை அவிழ்த்து, ஒரு துணி நாடாவால் கட்டிக் காண்பித்தார்.

திரி என்று சொன்னேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். மருந்தை நடுவில் வைத்துச் சணல் நூலால் சுற்றி, மேலே தார் பூசிய கயிறு அது. 1831-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் பிக்ஃபோர்டு என்பவர் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் சுரங்கத்தில் வைக்கோல் தாளிலும் இறகுத் தண்டிலும் மருந்தை நிரப்பிக் கொளுத்துவார்கள். சில நேரம் உடனே வெடிக்கும், சில நேரம் பார்க்கப் போகும்போது வெடிக்கும். பிக்ஃபோர்டின் திரி ஒரே சீராக எரிந்தது. ஒரு மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டு கிணற்றிலிருந்து ஏறி வந்துவிடலாம். ஆத்தாவின் கைவிரல் நுனிகளில் சணல் அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது.

இங்கே விபத்து நடந்திருக்கிறதா?

வடக்கு ஓரத்தில் ஒரு மண்மேடு இருக்கிறது. உள்ளே கட்டடம் இல்லை, அடித்தளம் மட்டும்தான். ஆத்தாவிடம் கேட்டேன். அந்தப் பக்கம் போக வேண்டாம் கண்ணு என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை, நீங்களும் ஊருக்குள் போய்க் கேட்காதீர்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு: 2016 டிசம்பர் 1 அன்று துறையூர் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் முருங்கப்பட்டியில் இருந்த வெடிமருந்து ஆலையில் நடந்த வெடிப்பில் பதினைந்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

இத்தனை வருடம் கழித்து இன்னும் வெடிக்குமா?

இதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் கிடையாது.

கரிமருந்தில் இருக்கும் வெடியுப்பு தண்ணீரில் கரையும். மழையில் நனைந்து நனைந்து, திறந்த இடத்தில் கிடந்ததெல்லாம் உயிரற்றுப் போயிருக்கும். ஆனால் தரை இடுக்கிலும் சுவர் விரிசலிலும் காய்ந்து தங்கியிருப்பதற்கு வயதே ஆகாது. நெருப்புப் பட்டால் பிடிக்கும். அதனால் இங்கே பீடி சிகரெட் கிடையாது, அடுப்பு மூட்டிச் சமைப்பதும் கிடையாது. கட்டுச்சோறு கொண்டு வாருங்கள்.

ஆலையில் செய்ததை விட, பிறகு வந்து சேர்ந்ததுதான் எனக்குப் பயம். ஆலை மூடிய பின்பு கொஞ்ச காலம் அங்கிருந்த கிடங்கைக் குவாரி வேட்டுக்காரர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதை நான் தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. இரண்டாவது முறை போனபோது கிடங்கு வாசலில், விரல் நீளத்தில், பேனா மூடியை விட மெல்லிய அலுமினியக் குழல் ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் அடைத்திருந்தது. ஏதோ இயந்திரத்தின் உறுப்பு என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பைக்கில் முப்பது கிலோமீட்டர் வந்து, டீக்கடையில் ஒரு குவாரி மேஸ்திரியிடம் எடுத்து நீட்டினேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து நாலடி பின்னால் போனார். பிறகுதான், அதை மெதுவாகக் கீழே வையுங்கள் என்றார். அது கேப்பு, அதாவது டெட்டனேட்டர். கையில் வெடித்தால் விரல்கள் இருக்காது. சட்டைப்பையில் வெடித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். போலீசார் வந்து மணல் வாளியில் வைத்து எடுத்துப் போனார்கள். அன்றைக்கு நான் வாங்கிய திட்டுக்கு ஈடாக வாழ்நாளில் வேறு எங்கும் வாங்கியதில்லை.

பழைய டைனமைட் தோட்டாவும் அப்படித்தான். டைனமைட் என்பது 1867-இல் ஆல்ஃபிரட் நோபெல் காப்புரிமை வாங்கிய சரக்கு. நைட்ரோ கிளிசரின் என்ற எண்ணெயை ஒருவகை மண்ணில் ஊறவைத்துச் செய்தது. வருடக்கணக்கில் கிடந்தால் அந்த எண்ணெய் வேர்வை போலத் தோட்டாவின் மேல் துளிர்த்து நிற்கும். அந்தத் துளி, தோட்டாவை விடக் கோபக்காரன்.

இன்னொன்று, ஆலைக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் மலையடிவாரம் முழுக்க உள்ளது: அவுட்டுக்காய். காட்டுப்பன்றியைக் கொல்வதற்காகப் பழத்திலோ கொழுப்பிலோ பொதிந்து வைக்கும் நாட்டு வெடி. கடித்தால் வெடிக்கும். யானைகளும் மாடுகளும் வாய் சிதைந்து செத்திருக்கின்றன. புதரடியில் உருண்டையாகப் பொட்டலம் எதையாவது பார்த்தால் தடியால் கூடத் தொடாதீர்கள்.

சந்தேகப்படும்படி ஏதாவது கண்ணில் பட்டால்?

தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், அதன்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். வந்த வழியிலேயே திரும்பி நடந்து, மண்மேட்டைத் தாண்டிய பிறகு எனக்குச் சொல்லுங்கள். நான் சொந்தக்காரருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்கிறேன். அன்றைய நடை அதோடு முடிந்தது. பாதியில் திரும்பிய நாட்கள் இரண்டு உண்டு. ஒருமுறை அது வெறும் பேட்டரி. எனக்கு வருத்தம் இல்லை.

நினைவாக ஒரு செங்கல் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மேலே சொன்ன கேப்புக் கதையை இன்னொரு முறை படியுங்கள்.

அனுமதி எப்படி வாங்குவது? தனியாகப் போனால் என்ன?

பட்டா நிலம் என்றால் சொந்தக்காரர், புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை, வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு என்றால் வனத்துறை. எங்கள் இடத்தில் முன்வாசல் பட்டா, பின்வேலியைத் தாண்டினால் காப்புக்காடு. நூறடி தெரியாமல் தாண்டினாலும் வன அலுவலருக்கு அது அத்துமீறல்தான், அபராதம் நிச்சயம். வேறு எங்காவது இப்படி ஒரு இடம் கண்ணில் பட்டால், ஏறிக் குதிக்கும் முன்னால் ஊருக்குள் போய் ஒரு டீ குடியுங்கள். யாருடைய இடம், யாரைக் கேட்க வேண்டும் என்பது டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். மரியாதையாகக் கேட்டால் நம் ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. சொன்னாலும், இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

எந்த மாதம் நல்லது?

மார்கழி, தை. முள்ளும் புல்லும் அப்போதுதான் அடங்கியிருக்கும், வெயிலும் தாங்கும். பங்குனி, சித்திரையில் கல் சுடும், பாம்பும் நிழல் தேடிச் சுவரடிக்கு வரும். ஐப்பசி மழையில் பழைய சுவர்கள் ஊறி நிற்கும், அந்த நேரத்தில் அவற்றின் அடியில் நிற்பதைப் போல மடத்தனம் இல்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தகரத்தைக் கத்தி போல வீசும்.

என்ன எடுத்து வர வேண்டும்?

கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் பேண்ட், ஒரு தடி, இரண்டு லிட்டர் தண்ணீர், டார்ச். தீப்பெட்டியும் லைட்டரும் கேட்டில் என்னிடம் கொடுத்துவிட வேண்டும். பழைய ஆலை விதி அது, நானும் விடவில்லை.

பாம்பு, யானை?

சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் கல் இடுக்கில் உண்டு. கையை விடும் முன்னால் கண்ணை விடுங்கள். கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குத்தான், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். கிடங்குக் கூரையில் மலைத்தேனீ அடை வைத்திருக்கும் மாதங்களில் அந்தப் பக்கமே போவதில்லை. யானைக்காகத்தான் காலை ஏழு மணிக்கு முன்னால் உள்ளே போவதில்லை, மூன்றரைக்கு வெளியே வந்துவிடுகிறோம். சூடான சாணம் பார்த்தால் அப்படியே திரும்பிவிடுவோம். அதில் விவாதம் கிடையாது.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் வேண்டாம். கீழே கிடப்பதை எடுத்துப் பார்ப்பது அவர்களுடைய சுபாவம். நாற்பத்தெட்டு வயதில் எனக்கே இருந்தது.

பேய் இருக்கிறதாமே?

ராத்திரியில் தகரம் அடிக்கும் சத்தம் கேட்கிறதாம். ஆணி கழன்ற தகரம் காற்றில் வேறு என்ன செய்யும்?

ஆலையை ஏன் மூடினார்கள்?

இந்த ஆலையின் கணக்கு வழக்கு என்னிடம் இல்லை. பொதுவாக என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

1950-களில் உலகம் முழுக்கக் குவாரிகளும் சுரங்கங்களும் அமோனியம் நைட்ரேட்டை எரியெண்ணெயோடு சேர்த்து வெடிக்க ஆரம்பித்தன. விலை குறைவு, கையாளுவதில் பயமும் குறைவு. அதன் பிறகு கூழ் மருந்து, குழம்பு மருந்து என்று வந்தன. கரிமருந்து, ஒரு பொறிக்குக் கூட ஆகாத தொட்டாற்சிணுங்கி. புது மருந்து செய்த பெரிய ஆலைகளோடு கரிமருந்து ஆலைகளால் போட்டிபோட முடியவில்லை.

நம் பக்கத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. கிணறு வெட்டுவதே நின்றுபோனது. நீர்மட்டம் இறங்க இறங்க, நூறடிக் கிணறு கல்லாங்குழி ஆனது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் கிளம்பின. ஒரே நாளில் ஐந்நூறு அடி, பிறகு ஆயிரம் அடி என்று துளை போட்டன. இன்று அந்த வண்டிகள் இந்தியாவின் எல்லா மாநிலத்திலும் ஓடுகின்றன. ஆறு மாதம் தமர் அடித்த இடத்தில் ஒரு ராத்திரி வேலை. யாருக்கு வேண்டும் வேட்டு மருந்து?

வீடியோ, டிரோன்?

போட்டோ எடுக்கலாம். வழியும் ஊர்ப் பெயர்ப் பலகையும் அதில் தெரியக் கூடாது. டிரோன் வேண்டாம், தேனீக்குப் பிடிக்காது, சொந்தக்காரருக்கு அதைவிடப் பிடிக்காது.

முள்ளும் பாம்பும் இல்லாமல் இதுபோன்ற இடத்தைப் பார்க்க முடியுமா?

திண்டுக்கல் மலைக்கோட்டையில் பழைய வெடிமருந்துக் கிடங்கு இருக்கிறது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம், டிக்கெட் வாங்கிக்கொண்டு தாராளமாக ஏறலாம். வெளிநாடு போகும் வாய்ப்பு இருந்தால், நான் சொன்ன பிராண்டிவைன் ஆலைகளும் வால்தம் ஆபியும் பின்னாளில் அருங்காட்சியகங்களாக மாறியவை. இத்தாலியில் டூரின் நகரத்துக்குப் பக்கத்தில், ஆல்ப்ஸ் அடிவாரத்தில், அவில்யானா என்ற ஊரில் நோபெலின் டைனமைட் ஆலை ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. மலையும் மண்மேடுமாக, படத்தில் பார்த்தபோது எனக்கு நம் இடத்தின் ஞாபகம்தான் வந்தது. ஸ்காட்லாந்தின் ஆர்டீரில் நோபெல் நடத்திய ஆலையில், நைட்ரோ கிளிசரின் சூடாகிறதா என்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய ஆளுக்கு ஒற்றைக் கால் முக்காலி கொடுத்திருந்தார்கள். தூங்கினால் விழுந்துவிடுவான். ஒற்றைக் காலுக்கு முக்காலி என்று பெயர் சொல்லலாமா என்று தமிழாசிரியர் நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கடைசியில் கிணற்றடியில் அரை மணி நேரம் உட்கார வைக்கிறீர்களே, அங்கே என்ன இருக்கிறது?

ஆலைக்குள்ளேயே ஒரு கிணறு. நாற்பதடிக்கு நாற்பதடி சதுரம், தண்ணீர் இல்லை, அடியில் ஒரு அத்திமரம். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து கிழக்குச் சுவரில் விழும். அப்போது பாறையில் மேலிருந்து கீழாக அரைவட்டப் பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். மூங்கிலை நெடுக்காகப் பிளந்து பதித்ததைப் போல, கட்டை விரல் நுழையும் அகலம். அவைதான் தமர். துளையின் பாதி பாறையோடு போய்விட்டது, மீதிப் பாதி சுவரில் நிற்கிறது. இந்த ஆலையின் மருந்தாகத்தான் இருக்க வேண்டும், வேறு எங்கிருந்து வாங்கப் போகிறார்கள். போன தை மாதம் வந்த ஒரு பையன், எங்கள் தோட்டத்துக் கிணற்றிலும் இந்தக் கோடுகள் இருக்கின்றன, அது மண்வெட்டித் தடம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன் என்றான். படியில் இறங்கி, ஒரு தமருக்குள் கையை வைத்து, எத்தனை சாண் என்று அளந்துகொண்டிருந்தான். நாலே முக்கால் சாண் வந்தது.